பழைய மனிதன் இறந்துவிட்டான் என்றால், அவன் செய்ததற்கு யார் பதில் சொல்வது?

கரையேறியவன் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். போதகரிடம் கேட்க வாய் வரவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் முகம் மலர்கிறது. அதைக் கலைக்க எனக்கு மனமில்லை.

என் வயது 43. கணக்கு எழுதுவது தொழில். பத்தொன்பது ஆண்டுகள் குடித்தேன். பதினொரு மாதங்களுக்கு முன்பு ஞானஸ்நானம் எடுத்தேன். அதற்கு ஐந்து வாரம் முன்பே குடியை விட்டிருந்தேன்; இன்றுவரை ஒரு சொட்டும் தொடவில்லை. முழுகி எழுந்தபோது காதுக்குள் தண்ணீர் புகுந்து, சபையார் பாடியது எங்கோ தொலைவில் பாடுவதுபோல் கேட்டது. நான் சுமந்து திரிந்த ஒருவனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வந்தேன் என்று அன்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். அது வெறும் உணர்ச்சிவேகம் என்று யாராவது சொன்னால் ஏற்கமாட்டேன்.

சிக்கல் பிறகு வந்தது. சபையில் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார்கள், அதாவது என் வாழ்க்கை மாறிய கதையை எல்லோர் முன்னும் சொல்ல. சொன்னேன். பிறகு மற்ற சபைகளிலிருந்தும் அழைத்தார்கள். ஒவ்வொரு முறையும் 2 கொரிந்தியர் 5:17-இல் முடிப்பேன்: "பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின." அதோடு, "அந்தப் பழைய மனிதன் செத்துவிட்டான், உங்கள் முன் நிற்பவன் வேறொருவன்" என்றும் சொல்வேன். மூன்று வாரங்களுக்கு முன்பு என் அண்ணன் முதன்முறையாக வந்து கேட்டார். அவர் விசுவாசி அல்லர். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் என் தோளில் கைவைத்தார். குரலில் கோபமே இல்லை. "தம்பி, அவன் செத்துவிட்டான் என்கிறாய், சந்தோஷம். அவன் என்னிடம் வாங்கிய பணத்தை இனி நான் யாரிடம் கேட்பது?" என்றார்.

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அது அண்ணியின் சிகிச்சைக்கென்று அவர் எடுத்துவைத்திருந்த பணம். தொழில் தொடங்கப் போகிறேன் என்று சொல்லி வாங்கினேன். தொழில் எதுவும் இல்லை. அண்ணி பிழைத்துக்கொண்டார்கள், அதில் என் பங்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் எழுதிக்கொண்டிருக்கும்போது நான் வீட்டுக்குள் நுழைந்தால் பென்சில் நின்றுவிடும். என் நடையைப் பார்ப்பாள், பிறகு கண்ணைப் பார்ப்பாள், அதற்குப் பிறகுதான் எழுதுவாள். பதினொரு மாதங்களில் நான் ஒரு நாள்கூடத் தள்ளாடி வந்ததில்லை. ஆனாலும் நிற்கிறது. போன வாரம் என் கையிலிருந்து ஒரு பாத்திரம் தவறி விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள். "நான் எதுவும் செய்யவில்லை, பாத்திரம்தான் விழுந்தது" என்றேன். சொல்லும்போது குரல் உயர்ந்துவிட்டது. அது பழைய குரல். எனக்கே தெரிந்தது.

நான் மறுபடியும் பிறந்தது உண்மையானால் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? பழையவன் இறந்தது உண்மையானால் அண்ணனுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் யார்? நான்தான் என்று சொன்னால், சிலுவையில் தீர்ந்துபோன கணக்கை நானே மறுபடி திறப்பதாகாதா? நான் இல்லை என்று சொன்னால்... அதை எழுதவே கூசுகிறது.

வசனம் தெரிந்தவர்கள் வசனத்தோடு சொல்லுங்கள். அனுபவப்பட்டவர்கள் அனுபவத்தோடு சொல்லுங்கள்.

---

ஜெயதொனி எழுதுகிறார்:

சகோதரரே, பத்தொன்பது ஆண்டுக் கட்டிலிருந்து கர்த்தர் உங்களை விடுவித்தாரே, அதற்காக முதலில் ஸ்தோத்திரம் சொல்லுகிறேன். இந்தச் சோர்வை நானும் அறிவேன். குற்றஞ்சாட்டுகிற குரலுக்குக் காது கொடுக்காதீர்கள். கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்று ரோமர் 8:1 சொல்லுகிறது. நம் பாவங்களைத் தேவன் சமுத்திரத்தின் ஆழங்களில் போட்டுவிடுகிறார் என்று மீகா 7:19-இல் இருக்கிறது. அவர் போட்ட இடத்தில் நீங்கள் வலை வீசிக்கொண்டிருக்க வேண்டாம். பவுலே பின்னானவைகளை மறந்து முன்னானவைகளை நாடினேன் என்கிறார்.

பணத்தை முடிந்தபோது கொடுத்துவிடுங்கள், அது நல்லது. ஆனால் அதையும் உங்கள் இரட்சிப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மகளுக்காக ஜெபிக்கிறேன்.

---

ஏட்டுச்சுவடி எழுதுகிறார்:

தம்பி, உங்கள் அண்ணன் கேட்டது மிக நல்ல கேள்வி. நான் 26 ஆண்டுகள் வேதபாட வகுப்பு நடத்தியவள். இத்தனை ஆண்டுகளில் ஒரு விசுவாசிகூட என்னிடம் இவ்வளவு நேராக இதைக் கேட்டதில்லை. அவருக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

மேலே எழுதிய சகோதரர் சொன்ன வசனங்கள் எல்லாம் மெய். ஆனால் அவை தேவனுக்கு முன்பாக நீங்கள் நிற்கும் நிலையைப் பற்றியவை. உங்கள் அண்ணன் தனக்கு முன்பாக நீங்கள் நிற்கும் நிலையைக் கேட்கிறார். இரண்டையும் ஒன்றாக்கினால் வேதவசனம் கடன்காரனின் ஒளிவிடமாகிவிடும்.

"பழையவைகள் ஒழிந்துபோயின" என்று எழுதிய பவுலையே பாருங்கள். அவருக்குச் சவுல் என்றும் பெயர். விசுவாசியான ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது கொலைசெய்தவர்களின் வஸ்திரங்களைக் காத்து நின்றவர் அவர். பல ஆண்டுகளுக்குப் பின் எருசலேமில் ஜனக்கூட்டத்துக்கு முன்னால் பேசும்போது அதை எப்படிச் சொல்கிறார்? "நானும் அருகே நின்று" என்கிறார் (அப்போஸ்தலர் 22:20). அந்தப் பழைய சவுல் நின்றான் என்று சொல்லவில்லை. சபையைத் துன்பப்படுத்தினவன் நான், அதனால் அப்போஸ்தலன் என்று பேர்பெறுவதற்கும் பாத்திரன் அல்ல என்று கொரிந்தியருக்கு எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, பாவிகளில் பிரதான பாவி நான் என்கிறார். "இருந்தேன்" என்றுகூட இல்லை. புதுச்சிருஷ்டியைப் பற்றி அவ்வளவு உரத்துப் பேசிய மனிதர், தன் குற்றத்தை ஓர் இடத்திலும் வேறொருவன் தலையில் கட்டவில்லை.

சவுல் என்ற பெயர் தமஸ்கு வழியில் பவுல் என்று மாறியது எனப் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். அப்படி வேதத்தில் இல்லை. அப்போஸ்தலர் 9-இல் மனந்திரும்பிய பிறகும் அவர் சவுல்தான். 13:9-இல்தான் "சவுல்" என்பதோடு "பவுல்" என்பதும் சேர்ந்து வருகிறது, அதுவும் இரண்டு பெயர் உடைய ஒரே ஆள் என்ற பொருளில். இதைச் சின்ன விஷயமென்று தள்ளாதீர்கள். பெயர் மாறியதும் ஆள் மாறிவிட்டான் என்று நினைக்க நமக்கு ஓர் ஆசை இருக்கிறது.

நீங்கள் கணக்கு எழுதுபவர் என்பதால், பிலேமோன் நிருபத்தை இன்றே உட்கார்ந்து படியுங்கள். இருபத்தைந்தே வசனம். ஒநேசிமு என்ற அடிமை தன் எஜமான் பிலேமோனை விட்டுப் பிரிந்து, பவுலிடம் வந்து, விசுவாசியாகிறான். பத்தாம் வசனத்தில் பவுல் அவனை, கட்டப்பட்டிருக்கையில் நான் பெற்ற என் மகன் என்கிறார். பிறப்பு! உங்களுக்கு நடந்தது என்று நீங்கள் சொல்லும் அதே காரியம். எட்டு வசனம் தள்ளி, அவன் உமக்குக் கடன்பட்டது உண்டானால் "அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்" என்கிறார். அடுத்த வசனத்தில், என் சொந்தக் கையாலே எழுதினேன், நான் செலுத்தித் தீர்ப்பேன் என்கிறார். அவன் புதிதாய்ப் பிறந்துவிட்டான், ஆகையால் பழைய கடனைப் பேசாதே என்று பிலேமோனுக்குப் பவுல் எழுதியிருக்கலாம்; எழுதவில்லை. கடன் கடனாகவே நிற்கிறது, ஒருவர் அதைத் தன் பெயரில் ஏற்றுக்கொள்கிறார். ஒநேசிமுவும் அந்தக் கடிதத்தோடு அதே வீட்டு வாசலுக்குத் திரும்பிப் போக வேண்டியிருந்தது. அந்த நடையை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். புதிய மனிதன் முதன்முதலில் நடந்த வழி, பழையவன் விட்டுப்போன வீட்டுக்கான வழியாக இருந்திருக்கிறது.

சிலுவையில் தீர்ந்த கணக்கைத் திறப்பதாகாதா என்று கேட்டீர்கள். ஆகாது. வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றபோது, வேண்டாம், எல்லாம் தீர்ந்தது என்று ஆண்டவர் தடுக்கவில்லை. இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார். யாக்கோபையும் பாருங்கள். இரவில் இஸ்ரவேல் என்ற பெயர் கிடைக்கிறது. விடிந்ததும் நொண்டிக்கொண்டே, தான் ஏமாற்றிய அண்ணன் ஏசாவைச் சந்திக்கப் போகிறான். ஏழுதரம் தரைமட்டும் குனிகிறான். எனக்கு வேண்டியது இருக்கிறது என்று ஏசா சொல்லியும் விடாமல், என் காணிக்கையை ஏற்றுக்கொள்ளும் என்று வருந்திக் கேட்கிறான். தமிழ் வேதாகமத்தில் காணிக்கை என்று வரும் அந்த இடத்தில் எபிரெயச் சொல் பெராகா, அதாவது ஆசீர்வாதம். அண்ணனிடமிருந்து அவன் தந்திரமாய்ப் பறித்ததும் அதே பெராகாதான். புதுப்பெயர் கிடைத்த முதல் பகலில் அவன் செய்தது அதைத் திருப்பிக் கொடுத்தது.

நீங்கள் மேற்கோள் காட்டும் வசனத்துக்கு அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படிக்கிறீர்களா? 5:18. அங்கே வரும் சொல் ஒப்புரவு.

மகளைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். பவுல் எருசலேமுக்குப் போனபோது சீஷர்கள் அவரைச் சீஷனென்று நம்பாமல், எல்லாரும் பயந்திருந்தார்கள் (அப்போஸ்தலர் 9:26). கலாத்தியர் நிருபத்தோடு சேர்த்துப் பார்த்தால் அது தமஸ்குவுக்குப் பின் மூன்றாம் வருஷம். பெரியவர்கள், பரிசுத்த ஆவியைப் பெற்றவர்கள், மூன்று வருஷம் கழித்தும் பயந்தார்கள். அவர்கள்மேல் பவுல் குறை சொன்னதாக ஒரு வரியும் இல்லை. உங்கள் மகளுக்குப் பன்னிரண்டு வயது. உங்களுக்கு ஆகியிருப்பது பதினொரு மாதம்.

---

கரையேறியவன் எழுதுகிறார்:

அம்மா, இரண்டு முறை படித்தேன். பிலேமோன் நிருபத்தை நான் ஒருநாளும் கணக்குப் புத்தகமாகப் பார்த்ததில்லை.

ஆனால் ஒரு பயம் இன்னும் இருக்கிறது. அந்தக் குரல். எங்கள் சபையில் "நீங்கள் மறுபடியும் பிறந்த தேதி என்ன?" என்று கேட்பார்கள். நான் தேதி சொல்வேன். இப்போது அந்தத் தேதியில் உண்மையாகவே பிறந்தேனா என்று சந்தேகம் வருகிறது. பிறந்தவன் என்றால் இப்படியா கத்துவான்?

---

வெண்ணாடை எழுதுகிறார்:

நான் வேறு திருச்சபை மரபைச் சேர்ந்தவன். குழந்தையாக இருந்தபோதே எனக்குத் திருமுழுக்குக் கொடுத்துவிட்டார்கள். எனவே சொல்லத் தேதி இருந்தும் நினைவு இல்லை. ஒவ்வோர் ஆண்டும் பாஸ்கா திருவிழிப்பு இரவில், அதாவது உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின இரவில், கையில் மெழுகுதிரியோடு நின்று, அன்று எனக்காகப் பிறர் சொன்ன வாக்குறுதிகளை நானே புதுப்பித்துச் சொல்கிறேன். திருமுழுக்கால்தான் மறுபிறப்பு ஆகிறதா, விசுவாசத்தால் ஆகிறதா என்ற வழக்கை இங்கே தொடங்க விரும்பவில்லை. நண்பரின் கேள்வி அதைவிட அவசரமானது.

தேதியைப் பற்றிக் கலங்குகிறீர்கள். இந்தப் போதனை முதலில் யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். யூதத் தலைவர்களில் ஒருவரான நிக்கொதேமுவுக்கு. அவர் மறுபடியும் பிறந்த தேதி வேதத்தில் இல்லை. யோவான் நற்செய்தியில் மூன்றே முறை வருகிறார். முதல் முறை இரவில் இயேசுவிடம் வந்து கேட்கிறார், புரியாமலே உரையாடல் முடிந்துவிடுகிறது. ஏழாம் அதிகாரத்தில், ஒரு மனிதனை விசாரிக்காமல் தீர்ப்புச் செய்யலாமா என்று தன் கூட்டத்தாரிடம் தயங்கித் தயங்கி ஒரு வார்த்தை கேட்கிறார். பத்தொன்பதாம் அதிகாரத்தில் ஏறக்குறைய நூறு இராத்தல் வெள்ளைப்போளமும் கரியபோளமும் கொண்டுவந்து இயேசுவின் உடலை அடக்கம் செய்ய நிற்கிறார். சீடர்கள் பலர் ஓடிப்போன நேரம் அது. இதற்கிடையில் எந்த இரவில் அவர் பிறந்தார்? நற்செய்தியாளர் சொல்லவில்லை. நூறு இராத்தல் சுமையோடு வந்தார் என்பதைத்தான் சொல்கிறார்.

சொல்லைப் பற்றியும் ஒரு செய்தி. "மறுபடியும் பிறவாவிட்டால்" என்ற இடத்தில் கிரேக்கச் சொல் அனோதென். அதற்கு "மறுபடியும்" என்றும் "மேலிருந்து" என்றும் இரண்டு பொருள். நிக்கொதேமு முதற்பொருளைப் பிடித்துக்கொண்டு தாயின் வயிற்றைப் பற்றிக் கேட்கிறார்; இயேசு இரண்டாவதை நோக்கிப் போகிறார். அதே நற்செய்தியில் சிலுவையடியில் சேவகர் கிழிக்காமல் விட்ட அங்கி, மேலே தொடங்கித் தையலில்லாமல் நெய்யப்பட்டது என்று வருகிறதே, அங்கும் அதே அனோதென்தான். அந்த இரண்டு இடங்களையும் சேர்த்துப் படிப்பது எனக்குப் பிடிக்கும். பிறப்பு என்றாலும் நெசவு என்றாலும் மேலே தொடங்கிக் கீழே வருகிறது. நெய்து முடியும்வரை கீழ்ப்பக்கம் வெறும் நூலாகத்தான் தொங்கும்.

நம் மொழியில் இந்தப் போதனைக்கு ஒரு கூடுதல் தடங்கல் உண்டு. பிறவாமை வேண்டும் என்று இறைவனிடம் கேட்ட மொழி இது. இங்கே "மறுஜென்மம்" என்றால் உடல் மாறுவது, பழைய நினைவு அழிவது, வேறு வீட்டில் வேறு பெயரோடு பிறப்பது. தீத்து 3:5-இல் பழைய மொழிபெயர்ப்பு "மறுஜென்ம முழுக்கு" என்றே சொல்கிறது. நம்மையறியாமலே அந்தப் பொருளை இதற்குள் கொண்டுவந்துவிடுகிறோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பழையவன் போய்விட்டான், அவன் வீடும் கடனும் என்னுடையவை அல்ல என்று நினைப்பதற்கு அது வசதியாக இருக்கிறது. கிறிஸ்தவப் போதனையில் அதே உடல், அதே நினைவு, அதே வீடு. அந்த வீட்டில்தான் புதிதாய்ப் பிறக்கிறோம்.

நான்காம் நூற்றாண்டில் எருசலேம் ஆயர் சிரில், புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களிடம், அந்தத் தண்ணீர் உங்களுக்குக் கல்லறையாகவும் தாயாகவும் ஆயிற்று என்று சொன்னார். ஒரே நேரத்தில் இறந்தீர்கள், பிறந்தீர்கள் என்றும் சொன்னார். பதினோரு நூற்றாண்டு கழித்து திருச்சபைச் சீர்திருத்தவாதி லூத்தர் 1529-இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில், பழைய ஆதாம் தினந்தோறும் மனஸ்தாபத்தினால் மூழ்கிச் சாக வேண்டும், தினந்தோறும் புதிய மனிதன் எழும்ப வேண்டும் என்கிறார். தினந்தோறும்! ஒருமுறை முழுகினவர்களுக்குத்தான் அதைச் சொல்கிறார். அந்தக் குரல் எழுந்ததால் நீங்கள் பிறக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். "எனக்கே தெரிந்தது" என்று எழுதினீர்களே, பழையவனுக்கு அது தெரிந்திருக்குமா?

---

அலைகடல் எழுதுகிறார்:

சுருக்கமாக ஒரு வரலாற்றுச் செய்தி. ஆங்கிலேய மாலுமி ஜான் நியூட்டன் 1748 மார்ச்சில் நடுக்கடல் புயலில் தேவனை நோக்கிக் கூப்பிட்டார். அந்த நாளை வாழ்நாள் முழுதும் நினைவுகூர்ந்தார். ஆனால் அதற்குப் பிறகுதான் அவர் அடிமைக் கப்பல்களுக்குத் தலைவரானார். மனிதர்களைச் சங்கிலியில் ஏற்றிக்கொண்டு, மேல்தளத்தில் ஜெபம் செய்துகொண்டு, 1754 வரை அந்தத் தொழிலில் இருந்தார். விட்டதும் உடல்நலக் குறைவால்தான். போதகரான பிறகும் அதைப் பற்றி வெளிப்படையாக எழுதப் பல ஆண்டுகள் ஆயின. 1788-இல் அடிமை வியாபாரத்துக்கு எதிராக அச்சிட்ட சிறு நூலில், கண்ணால் கண்டதையும் கையால் செய்ததையும் எழுதி, இந்த அறிக்கை மிகவும் காலம் தாழ்ந்து வருகிறது என்று ஒப்புக்கொண்டார். புயல் நாளில் தான் முழுப்பொருளில் விசுவாசியாகிவிட்டதாகக் கருத முடியாது என்றும் அவரே பிற்காலத்தில் எழுதினார்.

இதை உங்களுக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் கப்பலின் அடித்தளத்தில் கிடந்தவர்களுக்கு, தலைவர் மறுபடியும் பிறந்தவர் என்பதால் சங்கிலியில் ஒரு கண்ணிகூடக் குறையவில்லை. நீங்கள் பதினோராம் மாதத்திலேயே கேட்கிறீர்கள். நாற்பது ஆண்டுகள் காத்திருக்கவில்லை.

---

மூன்றாம் வரிசை எழுதுகிறார்:

அண்ணா, நான் வேதம் அதிகம் அறிந்தவள் அல்ல. ஆனால் அந்தப் பென்சில் என்னுடையது.

என் அப்பாவும் குடித்தார். எனக்குப் பதினொரு வயதாகும்போது இரட்சிக்கப்பட்டார். மெய்யாகவே விட்டார், கடைசிவரை தொடவில்லை. அவரை நான் பொய்யர் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவருடைய சாட்சியில் ஓர் இடம் வரும். "நான் வீட்டுக்கு வரும் சத்தம் கேட்டால் என் மகள் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள்." அந்த இடத்தில் அவர் குரல் உடையும். சபையார் அழுவார்கள். பிறகு "இப்போது பாருங்கள்" என்பார், எல்லோரும் அல்லேலூயா என்பார்கள். நான் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். தலைகள் என் பக்கம் திரும்பும். நான் சிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவின் சாட்சி கெட்டுவிடும்.

அது என் கதை, அண்ணா. கட்டிலுக்கு அடியில் இருந்தவள் நான். அங்கே தரை எப்படிக் குளிரும் என்று எனக்குத்தான் தெரியும். அதை அவர் என்னிடம் ஒருமுறையும் கேட்காமல் எடுத்து, தன் பழைய மனிதனின் இறுதி ஊர்வலத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டார். "அவன் செத்துவிட்டான்" என்று அவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு என்ன கேட்கும் தெரியுமா? உன்னை அடித்தவன் இப்போது இல்லை, ஆகவே நீ யார்மேலும் வருத்தப்பட முடியாது. செத்தவனிடம் எப்படி மன்னிப்புக் கேட்கச் சொல்வது? புதியவரிடம் கேட்டால் அவர், "அது நானல்லவே, அம்மா" என்பார். ஒருமுறை சொல்லவும் சொன்னார்.

அது மாறியது எனக்குப் பதினேழு வயதில். எந்தக் கூட்டத்திலும் அல்ல. ஒருநாள் மாலை நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் அறை வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. "உன்னைக் கட்டிலுக்கு அடியில் ஒளியவைத்தது நான். வேறு யாருமில்லை, நான்தான். அதை மேடையில் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று இன்றுதான் புரிந்தது. இனிமேல் நீ சொன்னால்தான் சொல்வேன்" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. துணியை மடித்துக்கொண்டே இருந்தேன். அவரும் பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். அவர் பதில் கேட்காமல் போனது எனக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று இப்போது என் 35-ஆம் வயதில்தான் சொல்லத் தெரிகிறது.

அவர் மறுபடியும் பிறந்தார் என்று நான் நம்பத் தொடங்கியது அன்றிலிருந்து. ஆறு வருஷம் "நான் வேறு ஆள்" என்று சொன்னபோது நம்பவில்லை. "நான்தான் அந்த ஆள்" என்று சொன்னபோது நம்பினேன்.

அதன்பிறகு அவர் செய்தவை எல்லாம் சின்னச் சின்னவை. வீட்டுக்குள் வருமுன் வாசலில் நின்று, "அப்பா வந்திருக்கிறேன்" என்று சாதாரணக் குரலில் சொல்வார், நாங்கள் கதவுச் சத்தத்தை வைத்து ஊகிக்க வேண்டாம் என்பதற்காக. நான் பயந்துபோனால், ஏன் பயப்படுகிறாய் என்று கேட்கமாட்டார். அந்தக் கேள்வி பிள்ளைகளுக்குப் பெரிய பாரம், அண்ணா. நான் மாறிவிட்டதை நீ இன்னும் பார்க்கவில்லையா என்றுதான் அது காதில் விழும். பாத்திரம் விழுந்தபோது நீங்கள் "நான் எதுவும் செய்யவில்லை" என்றீர்கள். அப்போது உங்களைத்தான் காத்தீர்கள். அவளுக்குத் தேவைப்பட்டது வேறு. பேசாமல் குனிந்து அதை எடுத்து வைத்திருந்தால் போதும்.

அப்பாவை முழுதாக மன்னித்துவிட்டாயா என்று என்னிடம் கேட்டால் சில நாள் ஆம், சில நாள் தெரியாது. அவர் அதைக் கேட்டதில்லை.

உங்கள் மகளின் பென்சில் உங்கள் சாட்சியில் வருகிறதா?

---

கரையேறியவன் எழுதுகிறார்:

வருகிறது, தங்கையே. நான்கு இடங்களில் சொல்லியிருக்கிறேன். ஒரு சபையின் மாத இதழில் அச்சாகியும் விட்டது. அவள் பெயரோடு.

இரண்டு நாள் எதுவும் எழுத முடியவில்லை. நேற்று போதகரைப் பார்த்தேன். இனி கொஞ்ச காலம் சாட்சி சொல்ல வரமாட்டேன் என்றேன். முதலில் அவருக்கு வருத்தம். பின்வாங்கிவிடுவேனோ என்று பயந்தார். உங்கள் பதில்களைக் காட்டினேன். நெடுநேரம் படித்துவிட்டு, பிலேமோன் பதினெட்டாம் வசனத்தை மட்டும் சத்தமாக வாசித்தார். அந்த இதழில் மகள் பெயர் வந்ததற்குத் தன் பங்கும் உண்டு, தானும் யோசித்திருக்க வேண்டும் என்றார். மீதமுள்ள பிரதிகளை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அங்கிருந்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். ஒநேசிமுவின் நடை என்று அம்மா எழுதியது காலில் கனத்தது. அண்ணி கதவைத் திறந்தார்கள். அண்ணனிடம், "அந்தப் பணத்தை வாங்கியவன் நான். பொய் சொல்லி வாங்கினேன். மொத்தம் எவ்வளவு என்று எனக்கு நினைவில்லை, அப்போது நான் தெளிவாக இருந்ததில்லை. நீங்களே எழுதுங்கள், எழுதுவதை ஏற்றுக்கொள்கிறேன்" என்றேன். அவர் உள்ளே போய் ஒரு குறிப்பேட்டை எடுத்துவந்தார். தேதி தேதியாக எழுதிவைத்திருந்தார். பதினான்கு தடவை. நான் மூன்று என்று நினைத்திருந்தேன். நான் கணக்கு எழுதுபவன். அவருடைய கூட்டலைச் சரிபார்க்கவில்லை. கீழே என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டேன். மாதாமாதம் எவ்வளவு என்பதை அண்ணிதான் முடிவு செய்தார்கள்.

மகளிடம் இன்னும் பேசவில்லை. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை, அவசரப்படவும் பயமாக இருக்கிறது. இன்று மாலை வாசலில் நின்று, "அப்பா வந்திருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனேன். பென்சில் நின்றது. நான் பார்க்காததுபோல் கடந்துபோய்ச் செருப்பைக் கழற்றி வைத்தேன்.